இந்தப் பை யாருடையது

நீங்களே சொல்லுங்கள், முன்பின் தெரியாத ஒருத்தி எதிரே வந்து நின்று இரண்டு கையையும் விரி என்றால், ஒரு பெண்பிள்ளைக்கு முதலில் என்ன ஞாபகம் வரும்? சாமி வருமா, பெற்றவள் வருவாளா? மேகலாவுக்கு ரவிக்கையின் மூன்றாவது கொக்கி ஞாபகம் வந்தது. பாப்பா பாலுக்கு அவசரப்பட்டு இழுத்ததில் அது போன மாதமே பிய்ந்து போயிருந்தது. தைக்கணும் தைக்கணும் என்று தினமும் நினைத்து, ஊசி கிடைத்த நேரத்தில் நூலைக் காணாமல், நூல் கிடைத்த நேரத்தில் பாப்பா தூங்காமல், கடைசியில் பிளேன் ஏறுகிற இன்றைக்குக் காலையில் அந்த இடத்தில் ஒரு ஊக்கைக் குத்திக்கொண்டு வந்துவிட்டாள். யார் பார்க்கப் போகிறார்கள், மேலேதான் சேலை இருக்கிறதே என்ற தைரியம். இப்போது விமான நிலையத்தின் இந்தத் திரைக்குப் பின்னால், காக்கி உடுப்புக்காரி கையிலிருந்த கறுப்பு மட்டை அந்த ஊக்குக்கு நேரே வந்ததும் கீச்சென்று கத்தியது. கொஞ்சம் மேலே போனதும் இன்னொரு தரம் கத்தியது. அது தாலிக்கொடி. தாலிக்கொடியில் கோத்து வைத்த நாலு ஊக்கு. அவள் ஊரில் எல்லாப் பொம்பளைகளும் அப்படித்தான். சேலைத் தலைப்புக்கு ஒன்று, பிள்ளையின் சட்டைக்கு ஒன்று, செருப்பு வார் அறுந்தால் ஒன்று, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் கேட்டால் ஒன்று. அவசரத்துக்கு ஆகிற சாமானைக் கழுத்தில் வைத்துக்கொள்வதில் என்ன வெட்கம் என்று நேற்றுவரை இருந்தவள், காக்கிக்காரி தாலியை வெளியே எடுக்கச் சொல்லி, உள்ளங்கையில் ஏந்தி, ஊக்குகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தபோது கழுத்துவரை சூடேறிப் போனாள். அந்தப் பெண்ணுக்கு வயது இவளைவிட ஒன்றிரண்டு குறைவாகத்தான் இருக்கும். வடக்கத்திப் பெண், நகத்தில் மருதாணி பாதி அழிந்திருந்தது. சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. சந்தையில் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்கிறவள் முகம். சிரித்திருந்தாலாவது இவளும் கூடச் சிரித்துத் தப்பியிருப்பாள். அந்தக் கை அக்குளுக்கு வந்தபோது அங்கே ஈரமாக இருக்குமே என்று நினைத்தாள், மார்புக்கு ஓரமாக வந்தபோது பால் கட்டியிருப்பது தெரிந்துவிடுமே என்று நினைத்தாள், இடுப்புக்கு வந்தபோது பாவாடை நாடா அறுந்து இரண்டு முடிச்சுப் போட்டது நினைவுக்கு வந்தது. ஒரு ஆளின் மேல் இத்தனை முடிச்சும் ஊக்கும் இருக்கும் என்பதே யாராவது தடவிப் பார்த்தால்தான் தெரிகிறது. பாப்பாவை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு ஒரு கையை விரித்தாள், கை மாற்றி மறு கையை விரித்தாள். பாப்பாவின் வெள்ளி அரைஞாணுக்கும் மட்டை ஒரு தரம் கத்தி ஓய்ந்தது. "ஜாவ்," என்றாள் அந்தப் பெண். போகச் சொல்கிறாள் என்று கையசைவில் தெரிந்தது.

கையை விரித்து நிற்பது ஒன்றும் மேகலாவுக்குப் புதிதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருசம் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவள். தினமும் சாயங்காலம் சங்கு ஊதினதும் வாசலில் வரிசை, வாசலில் ஒரு அக்கா, அந்த அக்காவின் கை. தோள், அக்குள், இடுப்பு, கொசுவம். நூல்கண்டு ஒன்று, துணித்துண்டு ஒன்று வெளியே போகக் கூடாது. அந்தக் கை இன்றைக்கு வந்த கையைவிடக் கனமான கை, ஆனாலும் அந்த அக்கா தமிழில் திட்டுவாள், தலைவலி மாத்திரை வைத்திருக்கிறாயா என்று கேட்பாள், அதனால் வாசலைத் தாண்டினதும் மறந்துபோகும். எல்லாமா மறந்தது? அன்னக்கொடி மறந்தாளா? இந்தப் பேர் இந்த நேரத்தில் எதற்கு வருகிறது என்று மேகலாவுக்கே எரிச்சலாக இருந்தது. நல்ல காரியத்துக்குப் போகிற வழி. பதினாலு மாதம் காத்திருந்து கிடைத்த விசா. ஷார்ஜாவில் ஏசி மாட்டுகிற வேலையில் இருக்கிற தாமு, அவள் வீட்டுக்காரன், பாப்பாவை இருபது நாள்தான் கண்ணால் பார்த்திருக்கிறான். அங்கே ஒற்றை அறையில் தொட்டில் கட்டக் கொக்கி அடித்துவிட்டேன் என்று நேற்று போனில் காட்டினான். கொக்கியை நினைக்க வேண்டிய நேரத்தில் அன்னக்கொடியை எவள் நினைப்பாள்? திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஊக்கு சரியாக மாட்டவில்லை போல, நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. குத்தட்டும் என்று நடந்தாள்.

ஆண்கள் வரிசை எதிர்ப்பக்கம். அங்கே அவள் மாமனார் நாச்சிமுத்து நின்றுகொண்டிருந்தார். கரண்ட் ஆபீசில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்; கைக்குழந்தையோடு மருமகள் ஒற்றையில் பிளேன் ஏறக் கூடாது என்று துணைக்கு வருகிறார், மகனோடு மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்புவார். அத்தை போய்ச் சேர்ந்த பிறகு அவர் ஊரைவிட்டு எங்கேயும் போனதில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வேட்டிக்குமேல் அகலமான பச்சை பெல்ட். அந்த பெல்ட் இல்லாமல் மேகலா அவரைப் பார்த்ததே இல்லை, இப்போது பார்த்தாள். பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொல்லிவிட்டார்கள். இடது கையால் வேட்டியை இடுப்போடு பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முட்டிபோடச் சொன்ன பையன் மாதிரி, அடுத்து என்ன சொல்வார்களோ என்று சொல்கிறவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊரில் அவர் கம்பத்தில் ஏறினால் தெருவே அண்ணாந்து பார்க்கும் என்பார்கள். ஐயோ பாவம் என்று நினைத்து முடிக்கவில்லை, அதற்குள் அந்தப் பச்சை பெல்ட் வந்த தட்டுக்குப் பின்னால் அவருடைய ரெக்சின் பை எக்ஸ்ரே மிஷினிலிருந்து வந்தது. நேரே வரவேண்டியது, நேரே வராமல், கைகொண்டு யாரோ தள்ளினது மாதிரி பக்கத்துத் தடத்துக்கு விலகிப் போய் நின்றது. அந்த நொடியில்தான், சத்தியமாக அந்த நொடியில்தான், மேகலாவுக்கு அருவாமனை நினைவுக்கு வந்தது.

அருவாமனையைக் கொண்டுவராதே என்று தாமு படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். இங்கே கத்தி இருக்கிறது, பலகை இருக்கிறது, நின்றுகொண்டே அரியலாம் என்றான். நின்றுகொண்டு அரிகிற வெங்காயம் ஒரு வெங்காயமா? உட்கார்ந்து, ஒரு காலை மடக்கி, மனையைக் காலுக்கடியில் கொடுத்து, கத்தியை அசையாமல் நிறுத்திவிட்டுக் காயைக் கொண்டுபோனால்தான் அவளுக்குக் கை ஓடும். அதனால் பெட்டியின் அடியில், பழைய சேலைத்துண்டில் சுற்றி, இட்லித் தட்டுக்கும் கம்புமாவுக்கும் நடுவில் ஒளித்து வைத்தாள். கவுண்டரில் பெட்டியை நிறுத்தபோது மூன்று கிலோ கூட இருக்கிறது, எடுத்துவிட்டு வா என்றாள் அங்கே இருந்த பெண். பின்னால் வரிசை நீண்டது. பாப்பா அழுதாள். மாமா பாப்பாவை வாங்கிக்கொண்டு கண்ணாடிப் பக்கம் போய், அதோ பிளேனு, அதோ பிளேனு என்று காட்டிக்கொண்டிருந்தார். மேகலா தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். கனமான சாமான் எது, அது மாவு, அது அருவாமனை. மாவை அங்கேயே குப்பைக்கூடைக்குக் கொடுத்தாள். அருவாமனையைக் கொடுக்க மனசு வரவில்லை. தன் பையில் பால் புட்டியும் துணியும் பிதுங்கின. மாமாவின் ரெக்சின் பை பாதி காலியாகக் கிடந்தது, நாலு வேட்டி, ஒரு துண்டு, மாத்திரை டப்பா. அதற்குள் செருகி ஜிப்பை இழுத்துவிட்டாள். தலைக்கு மேலே பலகையில் இதெல்லாம் கையில் கொண்டுபோகாதே என்று படம் போட்டிருந்தார்கள், அதையும் அவள் பார்த்தாள், பார்க்காமல் இல்லை. துப்பாக்கி இருந்தது, கத்தரிக்கோல் இருந்தது, பேனாக்கத்தி இருந்தது. அருவாமனை படத்தில் இல்லை. அது சமையல் சாமான்தானே என்று அவள் புத்தி சொன்னது. எட்டாவது வரைக்கும் படித்த புத்தி. மாமாவிடம் சொல்லணும் என்று நினைத்தாள், பாப்பா அவர் தோளில் எச்சில் வடித்தாள், துடைத்தாள், மறந்துபோனாள்.

"இந்த பேக் யாரோடது?" தமிழ்க்காரன்தான், மீசை வைத்த இளவட்டம். மாமா இடது கையில் வேட்டியோடு முன்னால் வந்து, "என்றதுதானுங்க," என்றார். அவன் ஜிப்பைத் திறந்து, வேட்டிகளை ஒதுக்கி, சேலைத்துண்டைப் பிரித்தான். பலாப்பலகை மனையும் வளைந்த இரும்பு நாக்கும் அதன் நுனியில் தேங்காய் துருவுகிற பல்லுமாக, வீட்டில் மூலையில் சாத்தி வைத்தால் யார் கண்ணிலும் படாத அந்தச் சாமான், அந்த வெளிச்சத்தில் காளி கோயில் ஆயுதம் மாதிரி பளபளத்தது. "பெரியவரே, பிளேனுக்குள்ள கெடா வெட்டா? எங்களையும் கூப்பிட்டிருக்கலாமில்ல?" என்றான் மீசைக்காரன். வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். காதில் ஒயர் மாட்டின ஒரு பையன், "தாத்தா வேற லெவல்," என்றான். மாமா அருவாமனையைப் பார்த்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் பார்த்தார். அவருக்குத் தெரியாதா, நாலு வருசமாக அவர் தின்ற சாம்பாருக்கு வெங்காயம் அரிந்த அருவாமனை அது. "வெங்காயம் அரியறதுங்க," என்றார். "அது எனக்கும் தெரியுது. பைக்குள்ள எப்படி வந்துச்சு?" "நாந்தானுங்க வெச்சேன். தெரியாத்தனமா வெச்சுப்போட்டேன்." மேகலா பாப்பாவின் குல்லாயைச் சரிசெய்தாள். நன்றாக இருந்த குல்லாயை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். ரோலருக்கு இந்தப் பக்கம் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த காக்கிக்கார அம்மா, நடுத்தர வயசு, இவள் நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அந்தப் பெரியவர் உங்ககூட வந்தவரா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள். வாய் இருக்கிறதே, அது யாரையும் கேட்காமல், "இல்லைங்க," என்றது. சொல்லிவிட்டுப் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். முதுகுக்குப் பின்னால் மீசைக்காரன் குரல் கேட்டது: "யார்கூட வந்தீங்க பெரியவரே?" பிறகு மாமாவின் குரல், எப்போதும் போல நிதானமாக: "தனியாத்தானுங்க வந்தேன்."

நாற்காலி வரிசையில் முதலாவதாகக் கிடைத்ததில் உட்கார்ந்தாள். இருபதடி தூரம் இருக்கும். நடுவில் ஒரு கயிறு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் மாமா. இரும்பு நாற்காலி சில்லென்று இருந்தது, பாப்பா தூங்கிவிட்டாள், ஊக்கு குத்திக்கொண்டே இருந்தது. இல்லைங்க. எத்தனை சின்னச் சொல். உப்பு இருக்கிறதா என்று கேட்டால் சொல்கிற சொல், பஸ் போய்விட்டதா என்று கேட்டால் சொல்கிற சொல். ஆமாங்க என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யார் வைத்தது என்று கேட்டிருப்பார்கள், நான்தான் என்றிருப்பாள், இவள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ஓரமாக உட்காரச் சொல்லியிருப்பார்கள், பிளேன் போயிருக்கும், விசாவில் ஏதாவது முத்திரை குத்தியிருப்பார்கள், தொட்டில் கட்ட அடித்த கொக்கி வெறுங்கொக்கியாகச் சுவரில் நின்றிருக்கும். அப்படித்தானே பயந்தோம்? அப்படியா பயந்தோம்? மேகலா தன்னையே ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அத்தனையும் இப்போது உட்கார்ந்து யோசித்தது. அந்த நேரத்தில் விசாவும் நினைவில் இல்லை, தாமுவும் நினைவில் இல்லை. காதில் ஒயர் மாட்டின பையன் சிரித்துக்கொண்டே இந்தப் பக்கம் திரும்பினான், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு தன் மேல் விழக் கூடாது. விழப்போன சிரிப்பிலிருந்து விலகிக்கொண்டாள், மழைத்தண்ணீர் தெறிக்கும்போது சேலையைத் தூக்கிக்கொள்கிற மாதிரி. தெறித்தது யார் மேல்? தனியாத்தானுங்க வந்தேன் என்கிறார். அதை ஏன் அவர் சொல்லணும்? மருமகதானுங்க என்று சொல்லியிருந்தால் இவள் பொய்க்காரி ஆகியிருப்பாள். இவள் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. விழுந்ததனால்தான், இவள் சொன்ன பொய்யை எடுத்து, தன் வாயால் மெய்யாக்கிக் கொடுத்துவிட்டார்.

சங்கு ஊதின அந்தச் சாயங்காலமும் இப்படித்தான். பதினேழு வயசு. மத்தியானத்திலேயே வயிற்றைப் பிசைந்தது. பாத்ரூம் போய்ப் பார்த்தால் தூரமாகிவிட்டது, கைவசம் ஒன்றும் இல்லை. கட்டிங்கில் வேலை பார்க்கிற அன்னக்கொடியிடம்தான் ஓடினாள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தாள், எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். "ரெண்டு துண்டு வெள்ளையாப் பாத்து எடுத்தாடி," என்றாள் மேகலா. கழிவுத்துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கும், அதிலிருந்து இரண்டு துண்டு. அன்னக்கொடி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பாத்ரூமுக்கு வருவதற்குள் சங்கு ஊதி, மேஸ்திரி எல்லாரையும் வாசலுக்கு விரட்டிவிட்டான். வரிசையில் அவள் முன்னால், இவள் இரண்டு ஆள் தள்ளி. வாசல் அக்காவின் கை கொசுவத்தில் நின்றது. வெள்ளைத்துணி வெளியே வந்தது. "யாருக்குடி இது?" "எனக்குத்தான்க்கா." "இன்னிக்கு உனக்கு நாளில்லியே, ஹாஸ்டல் நோட்டு எங்கிட்டல்ல இருக்குது." அன்னக்கொடி ஓரமாக நகர்ந்து நின்றாள். மேகலாவின் முறை வந்தது. கையை விரித்தாள். உள்ளே பாவாடை நனைந்து தொடையில் ஒட்டியது. "நீயும் அவளும் ஒண்ணாத்தானே சோறு திம்பீங்க? இது உனக்கா?" "இல்லைக்கா." அதே சொல். அதே குரல்கூட. அன்றைக்கு அன்னக்கொடியை அந்தத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நிற்கச் சொன்னார்கள், கடைசி வேன் கிளம்புகிறவரை. மேகலா வேனில் ஜன்னல் ஓரம் இடம் பிடித்தாள், ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முறைப்பாள், இல்லை அழுவாள் என்று நினைத்தாள். அன்னக்கொடி ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த டீக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேன் முகத்துக்கு நேரே திரும்பினபோதும் டீக்கடையைத்தான் பார்த்தாள். மறுநாள் அவள் இடத்தில் வேறொருத்தி கத்தரித்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். சின்னப் பிள்ளை, பயந்துபோனேன் என்று மேகலா தனக்குத்தானே எத்தனையோ தரம் சொல்லிக்கொண்டாள். இப்போது இருபத்தாறு. இடுப்பில் ஒரு பிள்ளை. இப்போது என்ன சொல்லிக்கொள்வது?

கயிற்றுக்கு அந்தப் பக்கம் மாமாவைச் சின்ன மேடையில் ஏற்றினார்கள். இன்னொரு தரம் முழுசாகச் சோதிக்க வேண்டுமாம். வடக்கத்தி ஆள் ஒருவன் மட்டையோடு நின்று, "ஹாத் ஊப்பர்," என்று தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். மாமா கையைத் தூக்கவில்லை. அவன் மறுபடி காட்டினான். மாமா வலது கையை முழங்கை அளவுக்குக் கொண்டுவந்தார், அதற்குமேல் அது வரவில்லை. வராது. பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் கம்பத்திலிருந்து விழுந்த தோள் அது. இடது கையை எடுத்தால் வேட்டி நிற்காது. இந்த இரண்டும் அந்தக் கட்டடத்துக்குள் தெரிந்த ஒரே ஆள் மேகலாதான். அவர் சட்டையை எப்படி மாட்டுவார் என்று அவளுக்குத் தெரியும், முதலில் வலது கையை ஒரு பொருளை வைக்கிற மாதிரி உள்ளே வைப்பார். கல்யாணமாகி வந்த புதிதில், சுவரில் அவர் சட்டை மாட்டுகிற ஆணியைப் பிடுங்கி ஒரு முழம் கீழே இறக்கி அடித்தவள் அவள். அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மட்டும், "கொளம்பு நல்லாருக்குது அம்மணி," என்றார், அது நேற்றைய குழம்பு. அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு. அவர்கள் வீட்டு வழக்கத்தில் மாமனாருக்கு எதிரே மருமகள் உட்கார மாட்டாள், தட்டைக் கீழே வைத்துத் தள்ளுவாளே ஒழியக் கையில் கொடுக்க மாட்டாள். பாப்பாவை வாங்கும்போதுகூட விரல் படாமல் துண்டை நடுவில் விட்டுத்தான் வாங்குவார். நாலு வருசத்தில் நான் தொடாத மனுசரை யாரோ ஒருத்தன் எங்கெங்கேயோ தொடுகிறான். அவன் மாமாவின் வலது மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினான். அவருக்கு வலித்தது, இவளுக்குத் தெரியும்; சத்தம் வரவில்லை, கழுத்து நரம்பு மட்டும் புடைத்து அடங்கியது. அவருக்குக் கை தூக்க வராதுங்க என்று இங்கேயிருந்து ஒரு சத்தம் கொடுத்தால் போதும். இன்னும் கொஞ்ச நேரம், விட்டுவிடுவார்கள், அவரே வந்துவிடுவார், பாப்பா முழித்தால் போகலாம், அந்தக் காக்கிக்கார அம்மா அந்தப் பக்கம் திரும்பினால் போகலாம். தாமு கேட்டால் என்ன சொல்வது, மாமாவே மறந்து வைத்துவிட்டார் என்றால் அவர் மறுத்துப் பேச மாட்டார் என்றுகூட ஒரு யோசனை வந்து எட்டிப் பார்த்தது. சீ, என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள், பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தாள், மாமா மேடையில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்று. நாற்காலி வரிசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பு என்று அவன் சொன்னபோது திரும்பினார். திரும்பினதும் கண்ணைத் தூக்கிச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மேகலாவின் தலைக்கு மேலே ஓடுகிற கடிகாரம். அதற்குக் கீழே இறங்கவே இல்லை அவர் கண்.

அவர் முறைத்திருந்தால் உட்கார்ந்தே இருந்திருப்பாள். அந்தக் கண் கீழே இறங்காததுதான் அவளைக் கெல்லித் தூக்கியது. பாப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு கயிற்றுக்கு வந்தாள். "ஏம்மா, உள்ள திரும்ப வரக் கூடாது, அங்கியே நில்லு," என்றாள் காக்கிக்கார அம்மா. "அவருக்கு வலது கை தூக்க வராதுங்க. தோள்பட்டை ஒடஞ்சு வெச்சது. இழுக்க வேண்டாமுன்னு சொல்லுங்க." சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. மட்டைக்காரன் நின்றான். வரிசை முழுக்கத் திரும்பியது. "உனக்கெப்படித் தெரியும்? இப்பத்தானே கூட வரலைன்னே?" "பொய் சொன்னேனுங்க. எங்க மாமனாரு. அந்த அருவாமனையும் நான் வெச்சதுதான், அவருக்குத் தெரியாது." "அப்ப இல்லைன்னியே?" "இப்ப ஆமாங்கறேன்." மீசைக்காரன் வந்தான். "அவரு நாந்தான் வெச்சேங்கறாரு, நீ நான் வெச்சேங்கற. ரெண்டு பேர்ல யாரு சொல்றதைம்மா நம்பறது?" போர்டிங் அட்டைகளை வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தான். பதினேழு ஏ, பதினேழு பி. "பக்கத்துப் பக்கத்து சீட்டு. நல்ல குடும்பம்யா," என்றான். மறுபடி சிரித்தார்கள். இந்தத் தரம் அது அவள் மேல் விழுந்தது, காதுமடல் இரண்டும் எரிந்தன, நின்றாள். "படிச்சிருக்கியா?" என்றாள் காக்கிக்கார அம்மா. "எட்டாவதுங்க." "பலகைல படம் போட்டிருக்கில்ல, பாக்கலையா?" "பாத்தனுங்க. அதுல அருவாமனை இல்லீங்க." அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்ததோ கோபம் வந்ததோ, உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு நோட்டைக் கொண்டுவந்து பேர் எழுதச் சொன்னார்கள். மேகலா பாப்பாவைத் தோள் மாற்றிக்கொண்டு, பேரை எழுதி, சாமான் என்ற இடத்தில் அருவாமனை ஒன்று என்று எழுதினாள். பாஸ்போர்ட்டை யாரும் பிடுங்கவில்லை. விசாவில் யாரும் முத்திரை குத்தவில்லை. கத்தரிக்கோலும் நகவெட்டியும் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அருவாமனையைப் போட்டார்கள். அதற்குள் அது அடங்கவில்லை, மனை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அவ்வளவுதானா? இவ்வளவுக்குத்தானா? இது தெரிந்திருந்தால் முதலிலேயே ஆமாங்க என்றிருப்பாள். அதை நினைத்ததும் எல்லாவற்றையும்விட அதுதான் அசிங்கமாக இருந்தது.

மாமா இடது கையில் வேட்டியும், கக்கத்தில் ரெக்சின் பையும், தோளில் சுருட்டாமல் கிடந்த பச்சை பெல்ட்டுமாக வந்தார். நாற்காலி வரிசையின் கடைசிக்கு, ஆள் இல்லாத பக்கமாகப் போனார்கள். அவர் உட்காரவில்லை, அதனால் இவளும் நின்றாள். கண்ணாடிக்கு வெளியே ஒரு பிளேன் வாலைக் காட்டிக்கொண்டு நின்றது. "மாமா, அந்தம்மா கேட்டப்ப நான் இல்லைன்னு சொல்லிப்போட்டனுங்க," என்றாள். அவரிடம் அவள் பேசின பேச்சிலேயே அதுதான் நீளம். "காதுல உளுந்துச்சு," என்றார். மேலே ஏதாவது சொல்வார் என்று நின்றாள். பரவாயில்லை என்று சொல்வார், இல்லை நீயெல்லாம் ஒரு மருமகளா என்பார், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம். அவர் பிளேனைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார், பாப்பாவின் குல்லாயில் அவள் போட்ட கோணல் முடிச்சைப் பார்த்தார். "இனி வெங்காயத்துக்கு என்ன பண்ணுவ?" என்றார். "கத்திதானுங்க." "ம்." ஒலிபெருக்கியில் ஏதோ பிளேனின் பேரைச் சொன்னார்கள், அது இவர்களுடையது இல்லை. ஆட்கள் தள்ளுவண்டியோடு கடந்து போனார்கள், அதில் ஒயர் பையனும் போனான், இந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. மாமா தோளில் கிடந்த பெல்ட்டை இடது கையால் எடுக்கப் பார்த்தார், வேட்டி நழுவியது, சட்டென்று பிடித்துக்கொண்டார். வலது கையால் முயன்றார். மணிக்கட்டில் அந்த ஆள் பிடித்த இடம் சிவந்திருந்தது, விரல்கள் பெல்ட்டைத் தொட்டுவிட்டு நடுங்கித் திரும்பின. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, எப்படியோ தினமும் அவரே கட்டிக்கொள்வதுதான். இங்கே சாத்தக் கதவு இல்லை. அவர் சுற்றிலும் ஒரு தரம் பார்த்தார். பிறகு, கடிகாரத்தையும் பார்க்காமல் பிளேனையும் பார்க்காமல், அவள் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்துச் சொன்னார்:

"கை வர மாட்டேங்குது, அம்மணி. பாப்பாவச் சேர்ல படுக்க வெச்சுப்போட்டு, இந்த பெல்ட்டச் சித்தெ கட்டி உடு."